பொண்ணையே குடுத்தவன்

பையை மடியில வெச்சுக்கிட்டு எதுக்குங்க சங்கடப்படறீங்க? குடுங்க, மேல வெச்சர்றேன். தாராபுரந்தானுங்களா? நானும் அங்கதான் எறங்கறேன். ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுக்கு இல்லீங்க, சோலியாத்தான் போறேன். பசங்களத் தேடிப் போறேன். பயந்துக்காதீங்க, காணாமப் போன பசங்க இல்லீங்க. வேலைக்குப் பசங்க.

எம்பேரு சென்னியப்பன். கோயமுத்தூர் கணபதியில பம்புக்கு உதிரிபாகம் கடையற ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கறேன். லேத் மெஷினுக வரிசையா நிக்குது. மெஷின்தான் நிக்குது, அதுக்கு முன்னால நிக்க ஆளில்ல. கையில ஆர்டர் இருக்குதுங்க, ஆள் இல்ல. எங்க பக்கம் எந்த ஓனரைக் கேட்டாலும் இதே பாட்டுத்தான். இந்தப் பக்கம் பாத்தா, படிச்சுப்போட்டு ஊட்டுல போனை நோண்டிக்கிட்டுக் கெடக்கற பசங்க ஊருக்கு ஊரு இருக்கறாங்க. ரெண்டு பேரையும் சேத்து வெக்கறதுக்கு எங்க உற்பத்தியாளர் சங்கத்துல ஒரு திட்டம் போட்டோம். தொழில் பாலம்னு பேரு. அந்தப் பாலம் நான்தானுங்க. பெருமைக்குச் சொல்லல, பேனர்லயே அப்படித்தான் போட்டிருந்துச்சு, எம்போட்டோவுக்குக் கீழ.

மொத வேலைவாய்ப்பு மேளாவை ஒரு கல்யாண மண்டபத்துல வெச்சோம். பசங்க வந்தாங்க, பெத்தவங்க வந்தாங்க, கேசரியும் காப்பியும் குடுத்தோம். எங்க சங்கத் தலைவரு திருமூர்த்தி, இரும்பு வார்க்கற பெரிய ஃபவுண்டரிக்காரரு, மைக்கைப் பிடிச்சு, "தொழிலாளிங்க எங்க குடும்பம் மாதிரி"ன்னு நெம்ப நேரம் பேசுனாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. கேசரி நல்லாருந்துச்சுங்க.

அப்பப் பாத்து நடு வரிசையில ஒரு அம்மா எந்திரிச்சாங்க. அன்னூர்ப் பக்கமாம், துளசிமணின்னு பேரு, பக்கத்துல பையன். "எல்லாஞ் சரிங்க. எம்பையன மெஷின்ல சேத்தி உடறேன். நாளைக்கு அவனுக்கு எவனுங்க பொண்ணு குடுப்பான்? பெங்களூர்ல கம்ப்யூட்டர் முன்னால உக்காந்திருக்கறவனுக்குத்தான் எல்லாருங் குடுக்கறாங்க. மேடையில இருக்கற பெரியவங்க ஆராச்சும் குடுப்பீங்களா?"ன்னாங்க.

திருமூர்த்தி தண்ணி குடிச்சாரு. பொருளாளரு போனை எடுத்துக் காதுல வெச்சுக்கிட்டாரு, அது அடிக்கவே இல்ல. பின்னால ஒரு வரிசை எந்திரிச்சு வேட்டியத் தட்டிக்கிட்டுக் கெளம்புது. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணட்டும்? மண்டப வாடகை குடுத்து, கேசரி போட்டு, எல்லாம் வீணாப் போறதா?

மைக்கைப் புடுங்குனனுங்க. "எவன் குடுப்பானா? நான் குடுக்கறேன்! உங்க பையன் தொழில் கத்துக்கிட்டு ரெண்டு வருசம் மெஷின்ல நின்னு காட்டட்டும், எம்பொண்ணையே குடுக்கறேன்!"

விசிலடிச்சானுங்க பாருங்க! கூரையே பிச்சுக்கிட்டுப் போயிருக்கும். எந்திரிச்சவனெல்லாம் உக்காந்துட்டான். அன்னிக்கு வந்த பசங்க பூராவும் பேரு குடுத்துட்டுத்தான் போனாங்க. எம்பொண்ணு சிந்துஜாதான் பேரு எழுதற டேபிள்ல உக்காந்திருந்தா. ஒரே பொண்ணு, பி.காம் முடிச்சுப்போட்டு நம்ம ஒர்க்‌ஷாப்புலயே கணக்குப் பாக்கறா. நான் பேசறப்ப என்னையத் திரும்பிப் பாத்துச் சிரிச்சா. நானுஞ் சிரிச்சேன். மேடையில பேசறது மேடையோட போயிரும்னு ரெண்டு பேருக்குந் தெரியும்னு நெனச்சேன். எலக்சன்ல எத்தன பேரு எத்தன சொல்றாங்க, ஆராச்சும் தட்டந் தூக்கிக்கிட்டுப் போயி கேக்கறாங்களா?

இந்த அம்மா வந்துட்டாங்க.

ரெண்டு வருசங் கழிச்சு, ஒரு நாயித்துக்கெழமை. நான் பனியனோட உக்காந்து டீவி பாத்துக்கிட்டிருக்கறேன். வாசல்ல ஒரு வண்டி வந்து நின்னுச்சு. துளசிமணியம்மா, அவங்க ஊட்டுக்காரரு, பையன் கிருபாகரன், ஒறம்பரையில ரெண்டு பெருசுக. கையில தட்டம், தட்டத்துல தேங்கா, பழம், பூவு. மேளாவுல வேலை வாங்கிக் குடுத்ததுக்கு நன்றியாப் பழந்தர்றாங்க போலன்னு நெனச்சேன் நானு.

"வாக்குப்படி பையன் நின்னு காட்டிட்டானுங்கண்ணா. பொண்ணக் கேட்டு வந்திருக்கறோம்."

அந்தக் கிருபா பையன் நம்ம ஒர்க்‌ஷாப்புலதான் வேலை பாத்தான். தப்புச் சொல்ல முடியாதுங்க. லீவு போட மாட்டான், சிகரெட்டு கெடையாது, பெரியவங்களக் கண்டா மரியாதை. டெல்லியில இருந்து வந்த பார்ட்டிகிட்ட அவனைக் கூப்பிட்டு நிறுத்தி, "இவன் நம்ம சொந்தப் பையன் மாதிரி"ன்னு நானே சொல்லியிருக்கறேன். மாதிரின்னா மாதிரிதானுங்களே? நெசம்னு எப்பச் சொன்னேன்?

எம்பட சம்சாரம் சுலோச்சனா காப்பி கொண்டாந்தா. ஒறம்பரைக்கு எடுக்கற வெள்ளி டம்ளர்ல கொண்டாந்தா. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கோணும்.

மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்ல முடியுமுங்களா? அந்த மேளா வீடியோ எல்லாப் பசங்க போன்லயும் இருக்குதுங்க. புதுசா ஒருத்தன் சேந்தா மொதல்ல அதைத்தான் போட்டுக் காட்டுவானுங்களாம். எங்க ஒர்க்‌ஷாப்பு மட்டும் இல்ல, சங்கத்துல எல்லா ஷெட்டுலயும் பசங்க, "சென்னியப்பன் ஐயா என்ன சொல்லப் போறாரு"ன்னு பாத்துக்கிட்டே இருக்கறானுங்க. நான் மாட்டேன்னா அத்தினி பேரும் அடுத்த பஸ்ஸு. இந்தப் பக்கம், ஒரே பொண்ணு. அவளுக்கு அமெரிக்காவுல வேலை பாக்கற பையன் ஒருத்தனத் தூரத்து ஒறவுல நான் மனசுல வெச்சிருந்தேன். வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள உட்டுக்கிட்ட கதைங்க.

அப்பறம் நாயமா என்ன பண்ணோணுமோ அதைப் பண்ணேன். சாதி பாக்கலாம்னு பாத்தா, நம்ம ஆளுகதான். சரி, கூட்டம் பாப்போம்னேன். எங்கள்ல கூட்டம், அதாவது குலம், ஒண்ணா இருந்தா அண்ணன் தங்கச்சி மொறை ஆயிரும், கட்டக் கூடாது. அந்த அம்மா வாயத் தொறக்கறதுக்குள்ள எத்தன சாமியக் கும்புட்டேன் தெரியுங்களா? வேற கூட்டம். சரி, ஜாதகம். ஜோசியக்காரரு நமக்கு வேண்டியவருதான். நேராச் சொல்ல முடியாதில்லீங்களா, சாடை காட்டுனேன். ஒடனே அவரு, "பத்துக்கு ஒம்பது பொருத்தமுங்க! இந்தக் காலத்துல எங்க கெடைக்குது?"ன்னு குதிக்கறாரு. சாடை புரியாத ஆளுகிட்ட எல்லாம் ஜோசியம் பாக்கக் கூடாதுங்க.

திருமூர்த்திகிட்டப் போனேன். தலைவராச்சே, ஒரு வழி சொல்லுவாருன்னு. கதவச் சாத்திக்கிட்டு சொல்றாரு, "சென்னியப்பா, நீ குடுத்துத்தான் ஆகோணும். எம்பட ஃபவுண்டரியில பசங்க பூரா ஒம்பட வாயப் பாத்துக்கிட்டு இருக்கறானுங்க. நீ மாட்டேன்னா எனக்கு வார்ப்பு வேலையே நின்னு போயிரும்."

"அண்ணா, உங்களுக்குத்தான் கல்யாண வயசுல ரெண்டு பொண்ணுக இருக்குதே. சங்கத்துக்காக நீங்க ஒண்ணு..."ன்னேன்.

"மூத்தவளுக்கு ஜாதகத்துல தோசம்ப்பா."

"சின்னவளுக்கு?"

"அதே தோசந்தான்"னாரு.

அடுத்த வாரம் சங்கக் கூட்டம் போட்டாங்க. பொண்ணு வெச்சிருக்கற ஓனரு ஒருத்தருங் காணோம். பையன் வெச்சிருக்கறவங்க எல்லாம் வந்திருந்தாங்க. செயலாளரு சென்னியப்பன் தன்னோட பொண்ணைத் தொழில் பாலம் திட்டத்துக்குக் குடுக்கோணும்னு ஏகமனதாத் தீர்மானம் போட்டு, எனக்குச் சால்வை போத்தி உட்டாங்க. தலைவலியும் காச்சலும் அவங்கவங்களுக்கு வந்தாத்தானுங்க தெரியும்.

கடைசியா ஒரு வழி இருந்துச்சு. பூக் கேக்கறது. உங்க பக்கமும் உண்டுங்களா? வெள்ளைப் பூவு ஒரு பொட்டலம், செவப்புப் பூவு ஒரு பொட்டலம், ரெண்டையும் எலையில ஒரே மாதிரி மடிச்சு அம்மன் முன்னால வெப்பாங்க. அறியாத கொழந்தை ஒண்ணு எடுத்துக் குடுக்கும். வெள்ளை வந்தா அம்மன் சரின்னு சொல்லிட்டா, செவப்பு வந்தா வேண்டாம்னு அர்த்தம். அதுக்கு மேல ஆரும் பேச முடியாது. அம்மனே மாட்டேன்னா சென்னியப்பன் என்னங்க பண்ணுவான்?

காலையில நேரத்துல எந்திரிச்சு நானே பொட்டலம் மடிச்சேன். ரெண்டுலயும் செவப்பு அரளி வெச்சேன். ஏமாத்துன்னு சொல்லிப்போடாதீங்க. அம்மனுக்கு ஆயிரம் சோலி, எங்கியாச்சும் கவனம் தப்பிப் போயிட்டா? பெத்தவன் நான், ஒரு ஒத்தாசைக்குத்தான் வெச்சேன். தொழில்ல இருக்கறவன் எதையும் அதிர்ஷ்டத்துக்கு உட மாட்டானுங்க. ரெண்டையும் பையில போட்டுச் சுலோச்சனா கையில குடுத்துட்டுக் குளிக்கப் போனேன்.

கோயில்ல ரெண்டு ஊட்டாளுகளும் நிக்கறோம். கிருபா கண்ண மூடிக் கும்புட்டுக்கிட்டு நிக்கறான், பாவமாத்தான் இருந்துச்சு. பூசாரி சூடங் காட்டுனாரு. ஒரு சின்னப் பாப்பா பொட்டலத்த எடுத்துக் குடுத்துச்சு. நான் மொகத்தச் சோகமா வெச்சுக்கிட்டு, "அம்மன் சித்தம், வருத்தப்படாதீங்க"ன்னு சொல்றதுக்கு வாயத் தொறந்துட்டேன். பூசாரி பிரிச்சாரு.

வெள்ளை. பாலு மாதிரி நந்தியாவட்டை.

எனக்கு ஒடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுங்க. ரெண்டுலயும் நான் செவப்பு வெச்சது எனக்குத் தெரியும், வெள்ளை எங்கிருந்து வந்துச்சு? அம்மன் நேரா வந்துட்டான்னு நெனச்சு அப்படியே தரையில உழுந்து கும்புட்டேன். துளசிமணியம்மா அதைப் பாத்துப்போட்டு, "அண்ணனுக்கு எத்தன சந்தோசம் பாருங்க"ன்னு கண்ணத் தொடைச்சாங்க.

ஊட்டுக்கு வந்து பையத் தொழாவுனேன். பூசாரி திருப்பிக் குடுத்த அந்த இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சா, அதுவும் வெள்ளை.

சுலோச்சனாவக் கூப்பிட்டேன். "ரெண்டும் வெள்ளையா இருக்குது?"

அவ அரிசி பொடைச்சுக்கிட்டே சொல்றா, "ஆமாங்க. நானும் நீங்க குளிக்கப் போனப்பப் பிரிச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒரே கலர்ல வெச்சிருந்தீங்க. ஒரே கலரா இருந்தாத்தான் உங்களுக்குப் பிடிக்கும்போலன்னு நானும் ஒரே கலர்ல வெச்சேன்."

திருட்டுத்தனம்னு சத்தம் போட முடியுமுங்களா? எந்தத் திருட்டுன்னு கேப்பா. அப்பறந்தான் தெரிஞ்சுது, பூவப் பறிச்சுக் குடுத்ததே சிந்துஜாவாம். ரெண்டு வருசமா ஒர்க்‌ஷாப்புல கணக்கு மட்டும் பாக்கல போல. "அம்மணி, இதெல்லாம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதில்லையா?"ன்னு கேட்டேன். "நீங்கதானப்பா மொதல்ல சொன்னீங்க, மைக்குல"ன்னா.

சரி, கல்யாணத்தப் பண்ணிப்போடலாம்னு எறங்கிட்டேன். எறங்குனா நான் பின்வாங்கற ஆளில்ல. ஆனா ஒண்ணு. பத்திரிகையில மாப்பிள்ளை பேருக்குப் பக்கத்துல என்ன போடறது? எங்க ஒறம்பரையில எல்லாம் பி.இ., எம்.பி.ஏ.ன்னு மணிமணியாப் போடுவாங்க. நான் புரொடக்சன் மேனேஜர்னு போட்டேன். போட்டதுக்கப்பறம் கிருபாவக் கூப்பிட்டுச் சொன்னேன், "மாப்ள, நாளையில இருந்து மெஷின் பக்கம் போகாதீங்க. இஸ்திரி போட்ட சட்டையோட ஆபீஸ் ரூம்ல உக்காருங்க."

"மெஷின்ல ஆருங்க மாமா நிப்பா?"

"எவனாச்சும் ஊரான் ஊட்டுப் பையன் வந்து நிப்பான்"னேன்.

அவன், "நேத்து வரைக்கும் நானும் ஊரான் ஊட்டுப் பையன்தானுங்க"ன்னுட்டுப் போயிட்டான். நல்லதுக்குச் சொன்னா எப்படி எடுத்துக்கறானுங்க பாருங்க.

ரிசப்ஷன் அன்னிக்குப் பெரிய கூட்டம். மேடையில நான் நின்னு ஒவ்வொருத்தருக்கா அறிமுகம் பண்ணி வெக்கறேன். "மாப்பிள்ளை என்ன பண்றாரு?"ன்னு கேப்பாங்க. "இன்டஸ்ட்ரில இருக்கறாருங்க"ன்னுருவேன். நல்ல வார்த்தை, பொய்யும் இல்ல. போகப் போக நாக்குல வழுக்கிக்கிட்டுப் போச்சு. எங்க பெரியம்மா மகன் பொள்ளாச்சிக்காரரு, தேங்கா மண்டி வெச்சிருக்கறவரு, அவரு மட்டும் உடாம, "இன்டஸ்ட்ரின்னா? சொந்தமா ஃபேக்டரியா?"ன்னாரு. "அந்த மாதிரித்தானுங்க"ன்னேன். வரிசையில அவருக்குப் பின்னால எங்க ஒர்க்‌ஷாப்புப் பசங்க ஒரு பெரிய கடிகாரத்தப் பேக் பண்ணிக் கையில வெச்சுக்கிட்டு நிக்கறானுங்க. எல்லாங் கேட்டுக்கிட்டுத்தான்.

சிந்துஜா முன்னால வந்தா. "பெரியப்பா, இவரு லேத் ஓட்டறாருங்க. மெஷின் ஆப்பரேட்டர். எங்கப்பாதான் மண்டபம் நெறைய ஆளுக முன்னாடி சொல்லி எனக்குத் தேடிப் பிடிச்சுக் குடுத்தாரு"ன்னா. நல்ல சத்தமாச் சொன்னா. பசங்க விசிலடிச்சானுங்க, கல்யாண மேடைன்னுங்கூடப் பாக்காம. எனக்கு மானமே போச்சுங்க. மொகம் சிவந்து, வேர்த்து, சங்கத்துல போத்துன அந்தச் சால்வையெல்லாம் நனைஞ்சு போச்சு. அதுல என்ன தப்புன்னு கேக்கறீங்களா? தப்பு ஒண்ணும் இல்லீங்க. உண்மைதான். உண்மைய அத்தினி சத்தமா ஏனுங்க சொல்லோணும்?

கல்யாணம் முடிஞ்ச கையோட ரெண்டு பேரும் சின்னவேடம்பட்டியில ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடிச்சு, பேங்குல கடன் வாங்கி, பழைய மெஷின் ரெண்ட வாங்கிப் போட்டுட்டாங்க. மொதல்ல சிரிச்சேன். அப்பறம் அங்க மெஷின் பெருகப் பெருக எம்பசங்க ஒவ்வொருத்தனாப் போயிட்டான். இப்ப எம்பட ஷெட்டுல மெஷினுக்குத் துணி போத்தி வெச்சிருக்கறேன். பம்பு கம்பெனிக்காரன் தினமும் போன் பண்றான். ஆர்டர எம்பொண்ணுக்கே மாத்திக் குடுத்தர்றேங்கறான்.

போன வாரம் மானத்த உட்டுட்டு நானே அங்க போனேன். ரெண்டு பசங்களக் கடனாக் கேக்கலாம்னு. உள்ள போனா, மெஷினுக்கு ஒண்ணா ஸ்டூல் போட்டு வெச்சிருக்கறாங்க. பாகத்த மாட்டி உட்டா அதுபாட்டுக்குக் கடையுது, இவனுங்க உக்காந்து பாத்துக்கிட்டிருக்கறானுங்க. எம்பொண்ணு குறுக்கால போறா, ஒருத்தன் எந்திரிக்கல. நான் போயி நிக்கறேன், வணக்கம் சொல்றானுங்க, எந்திரிக்கல. எங்க ஷெட்டுல காலையில வந்தா சாயங்காலம் வரைக்கும் நிப்பானுங்க. எங்கப்பாரு காலத்துல இருந்து அப்படித்தான், ஒருத்தரும் குறை சொன்னதில்ல. ஆரும் கேக்கவும் இல்லீங்க, அது வேற.

"ஏண்டா பசங்களா, உங்களையெல்லாம் இந்தத் தொழிலுக்குக் கூட்டியாந்ததே நாந்தானடா. ரெண்டு பேரு வந்து மெஷின ஓட்டிக் குடுங்கடா"ன்னு கேட்டேன்.

தீபன்னு ஒருத்தன், எங்கிட்ட ஒன்றரை வருசம் இருந்தவன், மெதுவாச் சொன்னான். "வர்றோமுங்கய்யா. பொண்ணெல்லாம் வேண்டாமுங்க. உக்கார ஆளுக்கொரு ஸ்டூலு போடுங்க, நாளைக்கே வர்றோம்."

கேலியாச் சொல்லியிருந்தாக்கூடத் திட்டிப்போட்டு வந்திருப்பேன். ஒருத்தனும் சிரிக்கல. கிருபா தரையப் பாத்துக்கிட்டு நின்னான். சிந்துஜா வந்து எங்கையப் பிடிச்சுக்கிட்டா. "போடறேன்னு சொல்லுங்கப்பா. அவ்வளவுதான்"னா.

கேட்டீங்களா நாயத்த? பொண்ணையே குடுத்தவனுங்க நானு. பெத்த பொண்ணையே தூக்கிக் குடுத்தவங்கிட்ட வந்து ஸ்டூலு கேக்கறானுங்க! ஓனரு உள்ள வர்றப்ப லேபரு உக்காந்திருந்தா அது ஒர்க்‌ஷாப்புங்களா, பஸ் ஸ்டாண்டுங்களா?

ஆனா ஒண்ணு சொல்றேன், ஆருகிட்டயும் சொல்லாதீங்க. எம்பொண்ணு மொகத்தப் பாத்தப்ப எனக்கும் சொல்லிரலாம்னுதான் இருந்துச்சு. வாய் வரைக்கும் வந்துச்சு. மண்டபத்துல மைக்கைப் புடுங்கிப் பொண்ணையே குடுக்கறேன்னு சொன்ன வாய்தானுங்க இது. ஸ்டூலு போடறேன்னு சொல்ல மட்டும் வரல. திரும்பி வந்துட்டேன்.

அதானுங்க தாராபுரம் பக்கம் வந்தது. இங்கத்த பசங்க மரியாதை தெரிஞ்ச பசங்கன்னாங்க. உங்களுக்கும் பையன் இருக்கறான்னு சொன்னீங்கில்ல, என்ன படிச்சிருக்கறான்? நல்லா நிப்பானுங்களா?